மிதி, பிடி, விடு

என் வீட்டுக்காரரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்றால், குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், பொய் சொல்லமாட்டார் என்று மூன்று விரல்களை மடக்கிவிடுவேன். நாலாவது விரலுக்கு வரும்போது அந்தக் கார் ஞாபகத்துக்கு வரும். வந்த எரிச்சலில் மடக்கிய மூன்றையும் விரித்துவிடுவேன்.

காருக்கு வயது பத்தொன்பது. பின்பக்கக் கதவு ஒன்று உள்ளேயிருந்துதான் திறக்கும். இடதுபக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஆனால் இஞ்சின் ஆயில் மாற்றும் நாள் ஒருநாள் தள்ளிப்போனது கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலு சக்கரங்களையும் கழற்றி, பிரேக்கைப் பிரித்து, துடைத்து, பூட்டுவார். எல்லாம் இவர் கையாலேயே. வீட்டில் கறை படாத துண்டு ஒன்றுகூட மிச்சமில்லை. எங்கள் குடியிருப்பில் இவருக்குப் பெயரே ‘பிரேக்கு’. பிரேக்கு வீடு எது என்று கேட்டால் காவலாளி நேராக எங்கள் மாடியைக் கைகாட்டுவார்.

இவ்வளவு செய்கிறாரே, அந்தக் காரை இவர் ஓட்டமாட்டார். ஓட்டுவது நான். வேலை முடிந்து முதல் தடவை தெருவில் எடுத்துப் பார்ப்பதும் நான்தான். இவர் காரோடு கூடவே நடந்து வருவார், காதைச் சக்கரத்துப் பக்கம் சாய்த்துக்கொண்டு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மானம் போகும்.

ஏன் ஓட்டமாட்டார் என்றால், இவர் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியான வேளையில், இறக்கத்தில் வந்த பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. ஒரு கடையின் இரும்புக் கதவில் மோதித்தான் நின்றது. உயிர் எதுவும் போகவில்லை. ஒரு அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது; அப்புறம் அவர் கம்பு இல்லாமல் நடக்கவே இல்லை. விசாரணையில் இவர்மேல் தப்பில்லை என்று முடிவானது. அன்று காலை டிப்போவில் ஒரு மெக்கானிக் பிரேக் குழாயைச் சரியாக முடுக்காமல் விட்டிருந்தான். அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். ஒரு மாதம் கழித்து அவன் எங்கள் வாசலில் வந்து நின்றான். இவர் கதவைத் திறக்கவில்லை. அவனும் அரைமணி நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

அதோடு இவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதை விட்டார். அடுத்தவன் கைபட்ட பிரேக்கை நம்புவதையும் விட்டார். லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டால் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். அந்த மெக்கானிக்குக்கு இவர் வைத்திருக்கும் பெயர் ‘படுபாவி’. ஸ்பேனர் கைநழுவினாலும் படுபாவி, டீ ஆறிப்போனாலும் படுபாவி. நான் முகம்கூடச் சரியாகப் பார்த்திராத அந்த ஆள் பதினோரு வருஷமாக எங்களோடு வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறான்.

இதில் கொடுமை என்னவென்றால், என் கூடப்பிறந்த தம்பியே ஒரு மெக்கானிக். சொந்த ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். காரை அப்படியே தலைக்குமேல் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் இருக்கிறது. வண்டியைக் கொண்டுவாருங்கள் மாமா என்று பதினோரு வருஷமாகக் கூப்பிடுகிறான். பார்க்கலாம் மச்சான் என்பார் இவர். அந்தப் ‘பார்க்கலாம்’ இன்றுவரை பார்த்தபாடில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்று சொல்வார்களே, அது எங்கள் வீட்டைப் பார்த்துச் சொன்னதுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் நர்ஸ். இருபத்தாறு வருஷம் வார்டில் நின்று கால் வீங்கியவள். போன மாதம்தான் மலைமேல் இருக்கும் எங்கள் கிளை ஆஸ்பத்திரிக்கு என்னைத் தலைமை நர்ஸாகப் போட்டார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பொறுப்பேற்க வேண்டும். வராவிட்டால் பட்டியலில் எனக்கு அடுத்து இருப்பவளுக்குப் போய்விடும், அவள் அதற்காகவே காத்துக்கொண்டிருக்கிறாள். அந்நேரத்தில் மலைக்குப் பஸ் கிடையாது. பாதையில் பதினான்கு வளைவுகள். ஏறும்போது பிரேக் பெரிய விஷயமில்லை. சாயங்காலம் இறங்கும்போது அது ஒன்றுதான் துணை.

உத்தரவைக் காட்டியதும் இவர் சந்தோஷப்பட்டார். உடனே போய் முன்சக்கரங்களைக் கழற்றினார். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்வி நிறுத்துகிற சாமானுக்குக் கேலிப்பர் என்று பெயர். அது இரண்டும் இறுகிப்போய்விட்டது, மலைக்குத் தாங்காது, மாற்றவேண்டும் என்றார். தம்பியிடம் விடலாமே என்று மெதுவாகத்தான் சொன்னேன். காது கேட்காதமாதிரி இருந்துவிட்டார். பழையவற்றைக் கடையில் கொடுத்துவிட்டு, பழுது பார்த்துப் புதுப்பித்த ஜோடி ஒன்றை வாங்கிவந்தார். சனிக்கிழமை காலை குடியிருப்பின் பின்பக்கச் சிமெண்டுத் தரையில் அட்டையை விரித்து, ஜாக்கியைப் போட்டுத் தூக்கினார்.

பத்து மணிக்கெல்லாம் இரண்டு கேலிப்பர்களையும் மாட்டிவிட்டார். பரவாயில்லையே, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும், நான் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுவிட்டு வார்டு ஃபைலைப் படிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

பிரேக் வேலையில் கடைசிக் கட்டம் காற்று எடுப்பது. குழாயைக் கழற்றி மாட்டும்போது உள்ளே காற்று புகுந்துவிடும். ஆயிலுக்கு நடுவில் காற்று நின்றால், பெடல் மெத்தைமாதிரி அமுங்குமே ஒழியப் பிரேக் பிடிக்காது. அதை வெளியேற்ற இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்கவேண்டும். மற்றவர் கேலிப்பரில் இருக்கும் ஒரு சின்னத் திருகைத் திறந்து மூடவேண்டும். உள்ளே உட்காருவது யார் என்று சொல்லவேண்டியதில்லை. இவர் ‘மிதி’ என்றால் மிதிக்கவேண்டும். ‘பிடி’ என்றால் காலை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருக்கவேண்டும். திருகை மூடிவிட்டு ‘விடு’ என்ற பிறகுதான் விடவேண்டும். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவர் என்னோடு அதிகம் பேசிய வார்த்தைகள் இந்த மூன்றுதான்.

திருகிலிருந்து வரும் ஆயிலைப் பாட்டிலில் பிடிக்கக் கண்ணாடிமாதிரிக் குழாய் ஒன்று வேண்டுமாம். காலாவதியாகித் தூக்கிப்போட வைத்திருந்த சலைன் டியூபை நான்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தேன். முதலில் அதில் குமிழ்குமிழாக வந்தது. பிறகு சுத்தமான ஆயில் மட்டும் வந்தது. முடிந்தது என்று மிதித்துப் பார்த்தேன். கால் பஞ்சுமூட்டையில் இறங்குவதுபோல இறங்கியது. சொன்னேன். இன்னும் ஒரே ஒரு தடவை என்றார்.

ஒரே ஒரு தடவை என்று சொல்லிச் சொல்லியே மத்தியானம் ஆனது. நூறு மிதி வரை எண்ணினேன், பிறகு எண்ணிக்கையும் விட்டுப்போயிற்று. ஒரு பாட்டில் ஆயில் தீர்ந்து இரண்டாவது உடைத்தாயிற்று. ஆயில்மேல் சந்தேகப்பட்டார். பிறகு குழாய்மேல் சந்தேகப்பட்டார். பிறகு நான் மிதிக்கிற விதத்தின்மேலேயே சந்தேகப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் வலதுமுழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. மாடியிலிருந்து யாரோ, “என்ன பிரேக்கு, வண்டி நிக்கமாட்டேங்குதா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். நிற்கத்தான் நிற்கிறது, ஜாக்கிமேல்!

ஐந்து மணிக்கு நான் இறங்கிவிட்டேன். இறங்கிக் கதவை அறைந்து சாத்தினேன்.

“நாளன்னைக்கு மலையிலேருந்து இறங்கப்போறது நானு. பெடல்ல இருக்கப்போறது என் காலு, உங்க கால் இல்ல.”

இவர் சக்கரத்தடியிலிருந்து தலையைத் தூக்கினார். நெற்றியில் கறுப்பாக ஆயில் கோடு.

“அதனாலதான் நான் செய்யுறேன்” என்றார்.

அதற்கு மேல் என்ன பேசுவது? பிடித்த முயலுக்கு மூன்றே கால். நான் மாடிக்குப் போய்ப் படுத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் பதினான்கு வளைவுகளும் ஒவ்வொன்றாக வந்தன.

ஞாயிறு காலையும் அதே கூத்து. இரண்டாவது பாட்டிலும் அடிமட்டத்துக்கு வந்தது. பதினோரு மணிக்கு இவருக்குத் தெரியாமல் தம்பிக்குப் போன் போட்டேன். லீவு நாள், பிள்ளைகளை வெளியே கூட்டிப்போவதாக இருந்தவன், பாவம், அரைமணியில் வந்து நின்றான். இவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வா மச்சான் என்றார், டீ போடச் சொன்னார், பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் காருக்கும் அவனுக்கும் நடுவில் சுவர்மாதிரி நின்றுகொண்டார். தம்பி இடது பக்கம் போனால் இவரும் இடது பக்கம், வலது பக்கம் போனால் வலது பக்கம். அவனைக் குனிந்து பார்க்கவே விடவில்லை. டீயைக் குடித்துவிட்டு அவன் கிளம்பினான். கேட் வரைக்கும் போனேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

“அக்கா, நான் என்ன அந்த டிப்போக்காரனா?” என்றான். “அந்த வண்டியில மலைக்குப் போகாத. அவ்வளவுதான் சொல்வேன்.”

எனக்கு வந்ததே கோபம். திரும்பி நேராகக் காரிடம் போனேன். இனி நான் மிதிக்கமாட்டேன், என் முழங்கால் செத்துவிட்டது, நீங்கள் உள்ளே உட்கார்ந்து மிதியுங்கள், திருகை நான் திறக்கிறேன் என்றேன். ஸ்பேனரை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவர் இருக்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உட்காரவில்லை. கதவைத் திறந்து, தரையில் முட்டிபோட்டு, உள்ளே குனிந்து, பெடலை இரண்டு கையாலும் அழுத்தினார். அறுபது வயது மனுஷன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

அட்டையில் உட்கார்ந்து நான் ‘மிதி’ என்றேன், அவர் கையால் மிதித்தார். திருகைத் திறந்தேன். டியூபில் ஆயில் சுத்தமாக வந்தது, ஒரு குமிழ் இல்லை. மூடினேன். மறுபடி திறந்தேன். இருபத்தாறு வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கும் டியூப் அது. சலைன் போடுமுன் அதில் காற்று நிற்கிறதா என்று பார்க்காமல் ஒருநாளும் எந்த நோயாளிக்கும் போட்டதில்லை. ஊசியில் மருந்தை இழுத்தால், நுனியை மேலே தூக்கிப் பிடித்து, விரலால் இரண்டு தட்டு தட்டி, காற்றை மேலே ஏறவிட்டுத்தான் தள்ளுவோம். நுனியைக் கீழே பிடித்துத் தள்ளினால் மருந்துதான் வீணாகும், காற்று உள்ளேயே கிடக்கும். முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நானே எத்தனை தடவை சொல்லித் திட்டியிருக்கிறேன்.

நான் அந்தத் திருகைப் பார்த்தேன். அது கேலிப்பருக்கு அடியில் இருந்தது.

“ஏங்க, இந்தத் திருகு ஏன் கீழ இருக்கு?”

எங்கே இருந்தால் என்ன என்று அவர் உள்ளே குனிந்தபடியே கேட்டார்.

“காத்து மேலதானே போகும்? நீங்க கீழ ஓட்டை வெச்சிருக்கீங்க.”

அவர் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். அந்தப் பக்கம் போய் அடுத்த சக்கரத்தையும் பார்த்தார். திரும்பி வந்து, அட்டையில் என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். இடதில் மாட்டவேண்டியதை வலதிலும், வலதில் மாட்டவேண்டியதை இடதிலும் மாட்டியிருந்தார். இரண்டும் எந்தப் பக்கமும் உட்காரும், மரையும் பொருந்தும். திருகு மட்டும் தலைகீழாகிவிடும். இரண்டு நாளாக நாங்கள் ஆயிலைத்தான் வெளியேற்றிக்கொண்டிருந்தோம். காற்று மேலே சுகமாக உட்கார்ந்திருந்தது.

எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். இரண்டு நாள், இரண்டு பாட்டில், என் முழங்கால், என் தம்பியின் கண்ணீர், எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தினேன். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. கடைக்காரர் சாக்பீஸால் இடது, வலது என்று குறித்துத்தான் கொடுத்தாராம். பெட்டியிலிருந்து எடுத்ததும் தூசியாக இருக்கிறதென்று இவர் மண்ணெண்ணெயில் முக்கி, பிரஷ் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று துடைத்து வைத்தாராம். சுத்தம் பார்த்ததில் குறியும் போய்விட்டது. எப்போதும் ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைக் கழற்றுவார். சந்தேகம் வந்தால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தடவை பழையது இரண்டையும் கடையில் கொடுத்துவிட்டதால், பார்த்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

இரண்டையும் கழற்றி இடம் மாற்றி மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஸ்பேனர் கைநழுவி விரல்முட்டியில் தோல் உரிந்தது. படுபாவி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மறுபடியும் நான் உள்ளே உட்கார்ந்தேன். ஒவ்வொரு பக்கமும் பத்து மிதிகூட ஆகியிருக்காது. திருகு வழியே காற்று சீறிக்கொண்டு வந்தது. கடைசியில் மிதித்தபோது பெடல் பாதி தூரத்தில் கல்போல நின்றது. நின்றுவிட்டது என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். கையைத் துடைத்தார், சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார், தம்பியைக் கூப்பிட்டார்.

“மச்சான், வந்து என் பிரேக்கைக் கொஞ்சம் பாக்குறியா?”

பக்கத்தில் நின்ற எனக்கே அவன் குரல் கேட்டது. இதோ கிளம்பிட்டேன் மாமா என்றான்.

வந்தவன் குத்திக்காட்டுவான், எங்கே இவர் மறுபடி முறுக்கிக்கொள்வாரோ என்று பயந்தேன். அவன் அப்படி ஒன்றும் செய்யவில்லை. டார்ச்சை அடித்து இரண்டு சக்கரங்களையும் பார்த்தான், குழாய் முறுக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான், ஒவ்வொரு மரையிலும் ஸ்பேனரை வைத்து முடுக்கிப் பார்த்தான். இந்தத் தடவை இவர் நகர்ந்து வழிவிட்டு நின்றார். எல்லாம் சரியாக இருக்கிறது, என் கடையில் செய்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று தம்பி சொன்னான். அதன்பிறகுதான் இவர் பக்கம் மாற்றி மாட்டிய கதையைச் சொன்னார். மறைக்காமல் சொன்னார்.

தம்பி சிரித்துவிட்டான். “இதுக்கா மாமா? நானே இப்படி மாத்தி மாட்டியிருக்கேன். அதுவும் கஸ்டமர் வண்டியில.”

“அப்புறம்?”

“வண்டி கடையை விட்டுப் போறதுக்குள்ள கவனிச்சுட்டேன்.”

“கவனிக்காமப் போயிருந்தா?”

தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது. டார்ச்சை அணைத்தான். இவர் உரிந்துபோன விரல்முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் அன்னைக்கு வாசல்ல நின்னானே” என்றார் என்னிடம். “அரைமணி நேரம் நின்னான். நான் உள்ளதான் இருந்தேன்.”

இரண்டு நாள் கோபமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே தெருவில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். சக்கரங்களைப் பூட்டி ஜாக்கியை இறக்கினார்கள். வழக்கம்போல நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறிச் சாவியைப் போட்டேன். இவர் என் பக்கத்துக் கதவருகே வந்து நின்றார். கூட நடந்து வரத்தான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

“இறங்கு” என்றார். “முதல்ல நான் மிதிச்சுப் பாக்குறேன். அப்புறம் நீ போ.”

நான் இறங்கினேன். அவர் உட்கார்ந்தார். இருக்கை என் காலுக்குத் தோதாக முன்னால் தள்ளியிருந்ததால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. பின்னால் தள்ளுகிற கம்பியைத் தேடிக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரமானது. கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தார். கியரில் கையை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நான் பார்த்தேன், தம்பியும் பார்த்தான். இருவரும் பார்க்காதமாதிரி இருந்தோம். வண்டி மெதுவாக நகர்ந்து கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. காவலாளி வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தெருக்கோடியில் சின்ன இறக்கம் ஒன்று உண்டு. அங்கே போனதும் பின்பக்கச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. வண்டி நின்றது.

விளக்குகள் அணையவில்லை. எரிந்துகொண்டே இருந்தன. வலிக்கிற முழங்காலோடு அந்தக் கோடி வரைக்கும் நடந்து போனேன். அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பெடலை அழுத்தினபடி உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஈரம். நெற்றியில் இருந்த ஆயில் கோடு கலைந்து கன்னம் வரை இறங்கியிருந்தது.

“நிக்குது” என்றார்.

“நிக்குது” என்றேன் நானும். “எழுந்திருங்க. நாளைக்கு விடியக்காலையில நான் கிளம்பணும்.”

“இன்னும் ஒரே ஒரு தடவை” என்றார்.

இரண்டு நாளாக என் ரத்தத்தைக் கொதிக்கவைத்த வார்த்தை. நான் காரைச் சுற்றிக்கொண்டு போய், மறுபக்கக் கதவைத் திறந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன்.